மைல்ட் ஏல்: முதல் பத்து லிட்டர்

மைல்ட் என்ற சொல்லை 'சாதுவானது' என்று புரிந்துகொண்டு இந்த பீரை அணுகினால் தொடக்கமே பிசகிவிடும். பழைய இங்கிலாந்து மதுக்கூடங்களில் அந்தச் சொல்லுக்கு 'இளசு' என்று பொருள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே இரண்டு வகை பீர் வரும். பெரிய மரத்தொட்டியில் மாதக்கணக்காகக் கிடந்து லேசாகப் புளிப்பேறியது ஒன்று. காய்ச்சிய சில வாரத்திலேயே பீப்பாயில் வந்து இறங்கிய புதியது இன்னொன்று. அந்தப் புதியதுதான் மைல்ட். அன்று இறக்கிய கள்ளுக்கும் நாள்பட்ட கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் கால மைல்ட் கறுப்பாகவும் இருக்காது, லேசாகவும் இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் அது வெளிர் நிறத்தில், இன்றைய வலுவான பீர்களுக்குச் சமமான போதையோடு இருந்தது. நிறம் அடர்ந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். 1880ஆம் ஆண்டுச் சட்டம் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சர்க்கரை, சோளம் போன்றவற்றைத் தாராளமாகச் சேர்க்கும் உரிமையைக் கொடுத்தது. கருஞ்சர்க்கரைப் பாகு மைல்ட்டின் அங்கமானது அதற்குப் பிறகுதான். வலு குறைந்ததற்குக் காரணம் போர். முதல் உலகப் போரின்போது தானியத் தட்டுப்பாடும் வரியும் பீரின் கனத்தைச் சரசரவென்று இறக்கின. 1931இல் வரி மீண்டும் ஏறியது, பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. கடைசியில் தங்கிப்போனது 3 முதல் 3.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள, கருஞ்சிவப்பான இன்றைய மைல்ட். சுரங்கத்திலும் இரும்பு உலையிலும் நாள் முழுக்க வியர்த்தவர்கள் நாலைந்து பைண்ட் (ஒன்று அரை லிட்டருக்குச் சற்று மேல்) குடித்தபின்பும் வீட்டுக்கு நடந்து போக முடிந்த பீர் அது.

இவ்வளவு குறைந்த மூலப்பொருளில் இவ்வளவு நிறைவான பீர் எப்படி வருகிறது என்பதில்தான் இதன் வித்தை இருக்கிறது. 7 விழுக்காடு பீரில் சின்னத் தவறுகளை ஆல்கஹாலும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும் மூடிவிடும். 3.5 விழுக்காட்டில் ஒளிய இடமே இல்லை. தண்ணீராய் இளைத்துப்போகாமல் வாய்நிறையச் செய்வது ஒன்றே குறி. மேஷ் (மால்ட் என்ற முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைப்பது) வெப்பநிலை, ஈஸ்ட் தேர்வு, வாயுவின் அளவு, ஊற்றும் குளிர்ச்சி என்று கீழே வரும் ஒவ்வொரு எண்ணும் அந்தக் குறியை நோக்கித்தான் போகிறது.

காய்ச்சுவதற்கு முன் குடித்துப் பார்க்க வேண்டியது

ஒரு பீரை நன்றாகக் குடித்துப் பழகாமல் அதை நன்றாகக் காய்ச்ச முடியாது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இது எளிது. பர்மிங்காமுக்கு மேற்கே 'பிளாக் கன்ட்ரி' என்ற பழைய நிலக்கரி வட்டாரம்தான் மைல்ட்டின் கோட்டை. பாத்தம்ஸ், ஹோல்டன்ஸ் என்ற இரண்டு காய்ச்சகங்களும் இன்றும் அங்கே மைல்ட் காய்ச்சுகின்றன. செட்ஜ்லியில் உள்ள பீக்கன் ஹோட்டலுக்குப் பின்கட்டில் காய்ச்சப்படும் சாரா ஹியூஸ் டார்க் ரூபி மைல்ட் 6 விழுக்காடு. போர்களுக்கு முந்தைய வலு எப்படி இருந்திருக்கும் என்று அதில் ஊகிக்கலாம். யார்க்‌ஷயரில் டிமத்தி டெய்லரின் கோல்டன் பெஸ்ட் பொன்னிறம். கறுப்பாக இருந்தால்தான் மைல்ட் என்ற எண்ணத்தை அது ஒரே மிடறில் மாற்றிவிடும். பாரம்பரிய பீப்பாய் பீரைக் காக்க 1971இல் தொடங்கிய காம்ரா இயக்கம் மே மாதத்தை மைல்ட் மாதமாகக் கொண்டாடுகிறது. வேறு மாதங்களில் மைல்ட் ஊற்றாத மதுக்கூடங்கள்கூட அப்போது ஒரு பீப்பாய் வைக்கும். பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற காம்ரா விருதை 2000இல் மூர்ஹவுஸின் பிளாக் கேட், 2011இல் மைட்டி ஓக்கின் ஆஸ்கர் வைல்ட் என மைல்ட்கள் வென்றிருக்கின்றன. இந்தச் சின்ன பீர் பெரிய பீர்களோடு ஒரே மேடையில் நிற்கக்கூடியதுதான்.

புட்டியைவிட பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்து ஊற்றியதையே தேடுங்கள். வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி. குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த 4 டிகிரி மைல்ட், வறுத்த தானியம் போட்ட சோடாபோல் இருக்கும். மணம் எழாது, உடல் (வாயில் உணரும் கனம்) தெரியாது. கண்ணாடிக் குவளையை விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரிய வேண்டும். ஊற்றியதும் முகர்ந்து பாருங்கள். ரொட்டி மேலோடு, ரஸ்க், உலர்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் கோகோ, சிலவற்றில் கருப்பட்டி முறுகிய வாசனை. ஹாப்ஸ் மணம் பின்னால் எங்கோ மண்வாசனையாக நின்றால் போதும். முதல் மிடறில் லேசான இனிப்பு, நடுவில் தானியம், முடிவில் நாக்கு வறளாமல் அடுத்த மிடறைக் கேட்கும் அளவுக்கு மட்டும் கசப்பு. டிகாக்‌ஷன் கசப்பு தூக்கலாக வந்தால் அது மைல்ட்டிலிருந்து வழிமாறி, வறுவல் தூக்கலான போர்ட்டர் பீர் பக்கம் போய்விட்டது. நல்ல மைல்ட்டைக் கண்டுகொள்ள ஒரு சோதனை உண்டு: குவளையின் கடைசிக் கால்பங்கு, வெதுவெதுப்பாகி வாயு இறங்கிய பின்பும், முதல் கால்பங்கைவிடச் சுவையாக இருக்கும்.

சட்டம்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி வயது வந்தோர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் வரை காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தான் என்றாலும் விலக்கில்லை. இந்தக் குறிப்பு, காய்ச்ச அனுமதியுள்ள ஊரில் இருப்பவர்களுக்கானது.

பாத்திரங்கள்

முதல் முறைக்கு 10 லிட்டர் சரியான அளவு. சமையலறை அடுப்பு தாங்கும், ஒரு ஆள் தூக்கலாம், பிழைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. மைல்ட் புதிதாகக் குடிக்க வேண்டிய பீர் என்பதால் 20 லிட்டர் காய்ச்சி மூன்று மாதம் வைத்திருப்பதில் பொருளும் இல்லை.

தேவையானவை: 20 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் மூடியோடு. அதன் உட்புறம் முழுக்க விரியும் நைலான் அல்லது மெல்லிய துணிப்பை. தானியத்தைப் பையிலேயே ஊறவைத்துத் தூக்கிவிடும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம், வடிகலன் தனியாக வேண்டாம். டிஜிட்டல் வெப்பமானி. கிராம் துல்லியமான தராசு. கரைந்த சர்க்கரையை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அதற்கான குழாய்க் குவளை. வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்திய 15 லிட்டர் உணவுத்தர வாளி, அடியில் குழாய் இருந்தால் புட்டியில் நிரப்புவது எளிது. ஒரு சைஃபன் குழாய். ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநீக்கி. 500 மி.லி. பழுப்புப் புட்டி இருபது, மூடிகள், மூடி அழுத்தும் கருவி. பச்சை, வெள்ளைப் புட்டிகளில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமெடுக்கும், பழுப்பே நல்லது.

வெப்பமானியைக் கொதிநீரிலும் உருகும் பனிக்கட்டியிலும் வைத்துச் சரிபாருங்கள். இரண்டு டிகிரி பொய் சொல்லும் வெப்பமானி இந்த பீரை மெலிய வைத்துவிடும்.

பொருள்கள்

வாளியில் 10 லிட்டர், தொடக்க கிராவிட்டி (நொதிக்கும் முன் சர்க்கரைநீரின் அடர்த்தி; வெறும் தண்ணீர் 1.000) 1.036 என்ற கணக்கில்:

மாரிஸ் ஆட்டர் பேல் மால்ட் 1.35 கிலோ
கிரிஸ்டல் மால்ட், நிறம் 150 இ.பி.சி. (நிறத்தின் அளவுகோல்), 150 கிராம்
சாக்லெட் மால்ட் 65 கிராம்
இன்வர்ட் சர்க்கரைப் பாகு எண் 3, 100 கிராம்
ஃபகிள் ஹாப்ஸ், ஆல்ஃபா அமிலம் (கசப்பைத் தருவது) 4.5 விழுக்காடு, 16 கிராம் கொதியின் தொடக்கத்தில், 5 கிராம் கடைசி 10 நிமிடத்தில்
சேஃப்ஏல் எஸ்-04 ஈஸ்ட், 11.5 கிராம் பொட்டலத்தில் பாதி

மாரிஸ் ஆட்டர் 1960களில் கேம்பிரிட்ஜில் உருவான பார்லி ரகம். விலை கொஞ்சம் கூடுதல். மற்ற பீர்களில் சாதாரண பேல் மால்ட் போதும், இதில் அந்த மேரி பிஸ்கட் வாசனைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. 'மைல்ட் மால்ட்' என்ற பெயரிலேயே சற்றுக் கூடுதலாக வறட்டிய ஒன்று கிடைத்தால் அதே அளவு அதைப் போடலாம்.

கிரிஸ்டல் மால்ட் என்பது ஈரத்தோடு சூடேற்றி, உமிக்குள்ளேயே மாவைச் சர்க்கரையாக்கி வறுத்தது. அதில் ஒரு பங்கு ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை. உடலும் டாஃபி சுவையும் அங்கிருந்து வருகின்றன. சாக்லெட் மால்ட்டில் சாக்லெட் ஏதும் கிடையாது, நிறத்தால் வந்த பெயர். 65 கிராமைத் தாண்ட வேண்டாம். நிறம் போதவில்லை என்று 120 கிராம் போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நிறம் வரும், கூடவே காபித்தூள் கசப்பும் வரும். இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் 15 கிராம் பிளாக் மால்ட்டை மேஷ் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது தூவிக் கலந்துவிடுங்கள். நிறம் இறங்கும், கசப்பு அவ்வளவாக இறங்காது.

இன்வர்ட் பாகு கடையில் சட்டென்று கிடைக்காது. கோல்டன் சிரப் 90 கிராமோடு பிளாக் ட்ரீக்கிள் 10 கிராம் கலந்தால் கிட்ட வரும். வீட்டிலேயே செய்வதும் கடினமல்ல: சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை 500 கிராம், தண்ணீர் 250 மி.லி., சிட்ரிக் அமிலம் 1 கிராம். அடி கனமான பாத்திரத்தில் கரைத்து, 115 டிகிரி வந்ததும் தீயை மிகச் சிறிதாக்கி, 115 முதல் 118 டிகிரிக்குள் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கெட்டியானால் ஒரு கரண்டி வெந்நீர் விடுங்கள். அடர் செம்பழுப்பில் உலர்திராட்சை வாசனை வரும்போது இறக்கிவிடலாம். 125 டிகிரிக்கு மேல் ஏறவிட்டால் கருகிய கசப்பு வந்துவிடும். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதல்ல. இங்கே கம்பிப் பதத்தைவிட நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் வேறுபாடு. கருப்பட்டி போடலாமா என்ற கேள்வி நம் ஆட்களுக்கு எழும். நொதிக்கும், குடிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பனையின் புகைவாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். முதல் தடவை வேண்டாம்.

மால்ட்டை வாங்கும் இடத்திலேயே உடைத்து வாங்குங்கள். உடைத்த மால்ட் ஈரம் படாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

தண்ணீர்

குழாய்நீரில் குளோரினோ குளோராமினோ இருக்கும். அது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் மருத்துவமனைப் பஞ்சு வாசனை வரும், வந்தபின் போகாது. முந்தைய இரவு திறந்து வைத்தால் குளோரின் பறக்கும், குளோராமின் பறக்காது. கால் கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்து 15 லிட்டரில் கலக்கினால் இரண்டும் சில நிமிடத்தில் அடங்கும்.

மென்னீர் வரும் ஊர்களில் 15 லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் குளோரைடு சேருங்கள். குளோரைடு வாயில் உருட்சியைத் தருவது. பிட்டர் பீருக்குப் போடும் ஜிப்சம் இதற்கு நேர்மாறாக வறட்சியைத் தரும், இங்கே வேண்டாம். லண்டன் போன்ற கடினநீர் ஊர்களில் சிக்கல் வேறு. அங்கே காரத்தன்மை அதிகம். கறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சமன்செய்யும் என்று சொல்வார்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்கு அது சரி, 65 கிராம் சாக்லெட் மால்ட் 15 லிட்டர் கடினநீரைச் சமன்செய்யாது. பாதிக்குப் பாதி தாது குறைந்த கடைநீரைக் கலந்து, 80 விழுக்காடு லாக்டிக் அமிலம் 1 முதல் 2 மி.லி. சேருங்கள். மேஷில் பி.எச். 5.3 முதல் 5.5க்குள் இருக்க வேண்டும். 5.8க்கு மேல் போனால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், ஆறிப்போன கட்டன் சாயாபோல் நாக்கைப் பிடிக்கும்.

காய்ச்சும் நாள்

நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள். 15 லிட்டர் தண்ணீரை 70.5 டிகிரிக்குச் சூடாக்கி, தீயை அணைத்து, பையை விரித்து, மூன்று மால்ட்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். கட்டி உடைய வேண்டும்; கட்டிக்குள் உலர்ந்த மாவு இருந்தால் அது சர்க்கரையாகாது. கலந்து முடிந்ததும் 68 முதல் 68.5 டிகிரி இருக்க வேண்டும்.

இந்த பீரின் தலையெழுத்தே இந்த எண்தான். மால்ட்டில் மாவை வெட்டும் நொதிகள் இரண்டு. ஒன்று 62 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாகி, ஈஸ்ட் முழுக்கத் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரையாக வெட்டும். இன்னொன்று 70ஐ ஒட்டி வேலை செய்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீள் துண்டுகளை விட்டுவைக்கும். 65 டிகிரியில் ஊறிய மைல்ட் 1.006க்கு இறங்கிக் கஞ்சித்தண்ணீராகிவிடும். 68இல் ஊறியது 1.010, 1.011இல் நிற்கும். இந்த நாலைந்து புள்ளி வித்தியாசம்தான் உடல். ஆகவே மூடியைப் போட்டு, இரண்டு கனத்த துண்டு அல்லது பழைய கம்பளியால் பாத்திரத்தைச் சுற்றி, 60 நிமிடம் விடுங்கள். அடுப்பிலிருந்து எடுத்துவிட்டோ அணைத்துவிட்டோ சுற்றுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை பாருங்கள். 66க்குக் கீழே போயிருந்தால் பையை அடியிலிருந்து தூக்கிப் பிடித்து, சிறு தீயில் கிளறியபடி ஏற்றுங்கள். பை அடியில் படிந்திருக்கத் தீ வைத்தால் ஓட்டை விழும்.

பிறகு 75 டிகிரிக்கு ஏற்றி, பையைத் தூக்கி வடியவிட்டு, நன்றாகப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்பது பழைய பயம், பி.எச். சரியாக இருந்தால் வராது. சுமார் பதின்மூன்றரை லிட்டர் வோர்ட், அதாவது மால்ட் சர்க்கரைநீர், இருக்கும். ஒரு மாதிரியை 20 டிகிரிக்கு ஆற்றி அளந்தால் 1.026 முதல் 1.028. அதற்கும் கீழே இருந்தால் மால்ட் உடைத்தது போதவில்லை என்று பொருள். ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவைத்துக் கொள்ளலாம், பதற வேண்டாம்.

கொதி வரும்போது நுரை பாலைப்போல் பொங்கும். அந்த இரண்டு நிமிடமும் அடுப்பைவிட்டு நகராதீர்கள். தீயைக் குறைத்துக் கிளறினால் அடங்கும். அடங்கியதும் 16 கிராம் ஃபகிள். 60 நிமிடக் கணக்கு இங்கிருந்து. மூடி போடக் கூடாது. சோளம் வெந்த மாதிரி ஒரு வாசனை ஆவியோடு வெளியேற வேண்டியிருக்கிறது. 15 நிமிடம் மீதி இருக்கும்போது புரோட்டோஃப்ளாக் அரை மாத்திரை, தெளிவுக்காக. அடுத்து தீயை அணைத்து, பாகைக் கரைத்து, மறுபடி கொதிக்க வையுங்கள். அணைக்காமல் ஊற்றினால் பாகு அடியில் படிந்து கருகும். 10 நிமிடம் மீதி இருக்கும்போது 5 கிராம் ஃபகிள். மொத்தக் கசப்பு சுமார் 20 ஐ.பி.யு. (கசப்பின் அளவுகோல்) வரும். உங்கள் பொட்டலத்தில் ஆல்ஃபா 5.5 என்று போட்டிருந்தால் முதல் அளவை 13 கிராமாகக் குறையுங்கள். பயன்படுத்திய ஹாப்ஸை நாய் எட்டாத இடத்தில் கொட்டுங்கள். நாய்களுக்கு அது நஞ்சு.

கொதி முடிந்ததும் மூடியைப் போட்டு, பாத்திரத்தோடு குளிர்நீர்த் தொட்டியில் இறக்குங்கள். தொட்டி நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, கடைசியில் பனிக்கட்டி போட்டால் 40 நிமிடத்தில் 18 டிகிரிக்கு வரும். இந்த நிமிடத்திலிருந்து பீரைத் தொடும் எல்லாம் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும்: வாளி, குழாய், கரண்டி, கத்தரிக்கோல், ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறம். லிட்டருக்கு 1.5 மி.லி. கலந்தால் போதும். நுரை இருந்தாலும் கழுவ வேண்டாம்.

அடிக்கசடை விட்டுவிட்டு வாளிக்கு மாற்றுங்கள். உயரத்திலிருந்து சலசலவென ஊற்றலாம். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டிய ஒரே நேரம் இதுதான். கிராவிட்டியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1.034 முதல் 1.038க்குள் எது வந்தாலும் சரி. ஈஸ்ட்டை மேலே தூவி மூடுங்கள்.

நொதித்தல்

18 டிகிரியில் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து 20 வரை ஏறவிடுங்கள். நொதிக்கும்போது வாளி தானே இரண்டு டிகிரி சூடாகும் என்பதால் அறை 16, 17 இருந்தால் நல்லது. 24 டிகிரியில் நொதித்த மைல்ட்டில் நெயில் பாலிஷ் வாசனை வரலாம்.

பன்னிரண்டு மணி நேரத்தில் நுரைப் போர்வை தெரியும். ஏர்லாக் குமிழி விடவில்லை என்று கவலைப்படாதீர்கள்; மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு வேறு வழியில் போகும். நாலைந்து நாளில் ஆரவாரம் அடங்கிவிடும், ஆனால் வேலை முடிந்திருக்காது. ஈஸ்ட் தான் கக்கிய, வெண்ணெய் வாசனை தரும் டயசிட்டிலைத் திரும்பத் தின்பதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். எட்டாம் நாளும் பத்தாம் நாளும் அளந்து இரண்டிலும் ஒரே எண் வந்தால் முடிந்தது. 1.036இலிருந்து 1.010க்கு வந்திருந்தால், 26 புள்ளியை 0.131ஆல் பெருக்க, 3.4 விழுக்காடு.

எஸ்-04 அடியில் கல்போல் படியும், எளிது, புதியவர்களுக்கு ஏற்றது. லாலமண்டின் லண்டன் ஈ.எஸ்.பி., வின்ட்சர் என்ற ஈஸ்ட்களில் பழமணம் அதிகம். ஆனால் மால்டோட்ரையோஸ் என்ற மூவலகுச் சர்க்கரையை அவை தின்னாது. 68 டிகிரி மேஷோடு அவற்றைச் சேர்த்தால் 1.014, 1.015இல் நின்று திகட்டும். அவற்றைப் பயன்படுத்தும் நாளில் மேஷை 66 டிகிரிக்கு இறக்குங்கள்.

புட்டியா, பாலிபின்னா

மைல்ட்டில் வாயு குறைவாக இருக்க வேண்டும். குமிழி நாக்கைக் குத்தினால் இருக்கிற கொஞ்ச உடலும் மறைந்துவிடும். 10 லிட்டருக்கு 30 கிராம் வெள்ளைச் சர்க்கரை போதும். பொதுவான புத்தகக் கணக்கில் பாதிதான். அரைக் குவளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலி வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைச் சலனமில்லாமல் சைஃபனில் இறக்குங்கள். இப்போது காற்று எதிரி. சலசலவென விழுந்த பீர் மூன்று வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை எடுக்கும். வலு குறைந்த பீரில் இது சீக்கிரம் தெரியும். நொதித்தல் முடியாமல் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கும், கண்ணாடி சிதறும். அந்த இரண்டு நாள் அளவீட்டைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

புட்டிகளை 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு குளிர்ந்த இருட்டில் வையுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை உச்சம்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது: 10 லிட்டர் பாலிபின், அதாவது குழாய் வைத்த மடங்கும் பிளாஸ்டிக் பை, அட்டைப்பெட்டிக்குள். சர்க்கரை 10 கிராம் மட்டும். காற்றைப் பிழிந்து வெளியேற்றி நிரப்பி, நான்கு நாள் அறை வெப்பத்தில், மூன்று நாள் 12 டிகிரியில் வைத்தால் ஊற்றலாம். பை உப்பினால் குழாயைத் திறந்து வாயுவை விடுங்கள். பீர் குறையக் குறையப் பை சுருங்குவதால் உள்ளே காற்று புகாது. பீப்பாய் மைல்ட்டுக்கு வீட்டில் மிக அருகில் வருவது இதுதான். திறந்தபின் ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள், ஆள் சேர்த்துக்கொண்டாவது. மதுக்கூடங்களில் தெளிவுக்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசின்கிளாஸ் சேர்ப்பார்கள். எஸ்-04 தானே தெளிவதால் நமக்கு அது தேவையில்லை, சைவம் உண்பவர்களுக்கும் சங்கடமில்லை.

சுவையில் பிழை வந்தால்

தண்ணீராக இருக்கிறது: முதலில் 12 டிகிரிக்குச் சூடாக்கி, குவளையைச் சுழற்றி வாயுவை விரட்டிவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். பாதி நேரம் குற்றம் ஊற்றிய விதத்தில்தான் இருக்கும். அப்படியும் மெலிந்திருந்தால் கடைசி கிராவிட்டியைப் பாருங்கள். 1.008க்குக் கீழ் என்றால் மேஷ் குளிர்ந்துவிட்டது, அல்லது வெப்பமானி பொய். அடுத்த முறை 69 டிகிரி, கூடவே 100 கிராம் ஓட்ஸ் அவல். சர்க்கரையைக் கூட்டி வலுவேற்றப் பார்க்காதீர்கள். சர்க்கரை முழுக்க நொதித்து இன்னும் மெலிய வைக்கும்.

வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் வாசனை: டயசிட்டில், அவசரப்பட்டு அடைத்ததன் விளைவு. புட்டிகளை ஒரு வாரம் 20 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் குறையும். அடைக்கும் முன்பே தெரிந்துகொள்ள, மூடிய கண்ணாடியில் கொஞ்சம் பீரை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆற்றி முகருங்கள். வெண்ணெய் எழுந்தால் இன்னும் மூன்று நாள் காத்திருங்கள்.

பச்சை ஆப்பிள் வாசனையும் அதேபோல் அவசரத்தால் வருவதுதான், காத்திருந்தால் போகும். கூர்மையான புளிப்பும் புட்டியின் கழுத்தில் வளையமும் தெரிந்தால் கிருமி புகுந்துவிட்டது. கொட்டிவிட்டு, வாளிக் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். அழுக்கு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்த முறை காய்ச்சும்போது

இரண்டு மூன்று தடவை இதையே திரும்பக் காய்ச்சுங்கள், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி. பொன்னிற மைல்ட் வேண்டுமென்றால் சாக்லெட் மால்ட்டை முழுக்க விட்டு, கிரிஸ்டலை 60 இ.பி.சி.யில் 80 கிராமாக்கி, பாகுக்குப் பதில் கோல்டன் சிரப் மட்டும்.

பழைய வலுவில் ரூபி மைல்ட் வேண்டுமென்றால் மாரிஸ் ஆட்டர் 2.35 கிலோ, கிரிஸ்டல் 650 கிராம், வேறு மால்ட்டும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். தண்ணீர் 16 லிட்டர், மேஷ் 67 டிகிரி, ஃபகிள் தொடக்கத்தில் 30 கிராம், ஈஸ்ட் முழுப் பொட்டலம். பாத்திரம் விளிம்பு வரை நிறையும், கிளறும்போது கவனம். 1.058இல் தொடங்கி 1.014 அருகே முடியும், 6 விழுக்காட்டை ஒட்டி வரும். இது மட்டும் இரண்டு மாதம் புட்டியில் கிடந்தால் இன்னும் கனியும்.